நான் நான்தான் என்று நிரூபித்த நாள்

அடுத்தவர் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கும்போது எனக்கு வரும் நிதானம், என் பொறுப்பில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் வருவதில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மலைப்பாதையும் என் அம்மாவின் வாயும் தேவைப்பட்டன.

சங்கராபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அப்பா கரும்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அம்மா மரவள்ளிக் காட்டில் கூலி வேலைக்குப் போகிறவர். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காக நுழைந்து ஒழுங்காக வெளியே வந்த முதல் ஆள் நான். தினமும் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கணினி அறிவியல் படித்துப் பட்டம் வாங்கினேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து ஒரு அங்குலம் நீளும். மறைக்க மாட்டேன்.

படித்து முடித்ததும் சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம். சர்வர் என்றால் என்ன, அது எங்கேயோ இருக்க நான் இங்கிருந்து அதை எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவுக்கு ஒரு வாரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீக்கடையில் போய், “எம் பொண்ணு கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேனா இருக்குது” என்றார். இதைவிடச் சரியாக என் வேலையை இதுவரை யாரும் சொன்னதில்லை.

வேலை நேரம் போக, லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் ஒரு தமிழ்க் குழுவில் பழியாய்க் கிடந்தேன். லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். பழைய கம்ப்யூட்டரையும் ஓடவைக்கும். ஆனால் பழகும்வரை ஆளைப் பாடாய்ப் படுத்தும். படத்தைத் தட்டினால் போதும் என்றில்லாமல், பல வேலைகளுக்குக் கறுப்புத் திரையில் கமாண்ட் எழுதி அதற்கு ஆணையிட வேண்டும். “அக்கா, திரை கறுப்பாயிடுச்சு”, “அக்கா, வைஃபை காணோம்” என்று நாள் முழுக்கக் கேள்விகள் வரும். எல்லோருக்கும் நான் முதலில் அனுப்பும் பதில் ஒன்றுதான்: “அது என்ன கேட்கிறது என்று படித்தீர்களா?” ஒவ்வொரு முறையும் அடிக்கச் சோம்பல்பட்டு, அந்த வாக்கியத்தைத் தனியாகச் சேமித்துவைத்திருந்தேன். யாராவது உதவி கேட்டால் எடுத்து ஒட்டுவேன். அதை ஒட்டும்போது எனக்குள் ஒரு நீதிபதி சுத்தியலைத் தட்டுவார்.

இந்தப் பெருமை இணையத்தோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. நிற்கவில்லை. மலை ஏறியது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சிற்றூர் வரும். அங்கே ஊர்க்காரர்களே சேர்ந்து பிள்ளைகளுக்காக ஒரு படிப்பு மையம் நடத்துகிறார்கள். யாரோ கழித்துப் போட்ட எட்டுக் கம்ப்யூட்டர்கள், ஒரு லேப்டாப் உட்பட, அவர்களுக்குக் கிடைத்தன. நான் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் அத்தனைக்கும் லினக்ஸ் போட்டேன். அதில் ஒன்றை சர்வர் ஆக்கினேன். பிள்ளைகளின் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கும். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு இணையம் போவதும் அதன் வழியாகத்தான். வீட்டுக்கு வாசலும் பீரோவும் ஒன்றாகவே இருந்தால் எப்படியோ அப்படி. அதை என் வீட்டிலிருந்தே திறந்து பழுது பார்க்க ஒரு வழியும் வைத்துக்கொண்டேன்.

மையத்துக்குப் பொறுப்பு ருக்மணி அக்கா. எட்டாவது வரை படித்தவர். இந்தப் பொறுப்புக்கு வருமுன் பத்து வருடம் ஒரு விடுதியில் சமையல் செய்தவர். நான் சொல்லித்தரும் கமாண்டுகளை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பார். எது முதலில், எது பிறகு என்பதில், கடுகு வெடித்த பிறகுதான் வெங்காயம் என்கிற கண்டிப்பு. (அந்தக் கண்டிப்பில் ஒரு சிட்டிகை எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.)

அக்காவுக்கு நான் பாதுகாப்புப் பாடம் எடுத்தேன். சர்வரின் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். யார் போன் செய்து கேட்டாலும் கவரைத் திறக்கக் கூடாது, யார் சொன்னாலும் சர்வரில் கைவைக்கக் கூடாது என்றேன். அக்கா எழுதிக்கொண்டார். அதோடு விட்டேனா? ஒரு வாரம் கழித்து நானே அவருக்குப் போன் செய்தேன். “அக்கா, நான்தான். ரொம்ப அவசரம், அந்தக் கவரைப் பிரிச்சுப் படிங்க.” பாவம், பிரித்துப் படித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவந்த பெற்றோர் எல்லோர் முன்னாலும் அதை எடுத்துச் சொல்லி, “நானே கேட்டாலும் சொல்லக் கூடாது. என் போனை யாராவது திருடியிருக்கலாம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே என் குரலில் பேசும். வீடியோவில் முகம் தெரிந்தாலும் நம்பாதீர்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் நான் நேரில் வருவேன்” என்று முழங்கிவிட்டு, கவரைப் புதிதாக ஒட்டிக்கொடுத்தேன். ருக்மணி அக்காவின் முகம் சிறுத்துப் போயிற்று. நோட்டில் அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அந்த இரண்டு கோடுகளை நான் அன்றைக்குக் கவனித்திருக்க வேண்டும்.

இனி அந்த நாள்.

மையத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் அந்த வருடம் பன்னிரண்டாவது முடித்திருந்தார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. மூன்று நாளாக மலையில் மழை, மையத்துக்குக் கேபிளில் வரும் இணையம் விட்டுவிட்டு வந்ததால் ஒருவராலும் அனுப்ப முடியவில்லை. அன்று காலையில்தான் வானம் தெளிந்து இணையம் நிலையாக வந்தது. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு சர்வரில் தயாராக இருந்தன. ஒன்பது பேருமே அவரவர் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரி வாசலைப் பார்க்கப் போகிறவர்கள்.

கடைசி நாள் தவறினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் முறை வந்தபோது, சங்கராபுரம் நெட் சென்டரில் வரிசையில் நின்றபடியே எனக்கு நேரம் முடிந்தது. அந்த ஒரு வருடம் அம்மாவோடு மரவள்ளிக் காட்டில் களை வெட்டினேன். அதனால் இந்த ஒன்பது விண்ணப்பங்களை நான் மிகவும் முக்கியமாக நினைத்தேன். எவ்வளவு முக்கியம் என்றால், காலை பத்து மணிக்கு அவற்றுக்கு நானே குழி தோண்டும் அளவுக்கு.

குழுவில் ஒரு புதியவர் கேட்டிருந்தார்: “அக்கா, என் சர்வருக்குள்ள வெளியாள் நுழையப் பாக்கிறாங்களான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?” நல்ல கேள்வி. பதிலோடு ஓர் உதாரணமும் காட்டலாம் என்று மலைமேல் இருந்த சர்வரின் பதிவுகளைத் திறந்தேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ, நொடிக்கு நொடி, யாரோ பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். (இணையத்தில் இருக்கும் எந்த சர்வருக்கும் இது தினசரி நடப்பதுதான், ஈ மொய்ப்பது மாதிரி. அது எனக்கும் தெரியும். ஆனால் என் பலகாரத்தில் மொய்க்கும்போது தெரிந்தது மறந்துவிட்டது.)

உடனே ஃபயர்வாலைப் போட முடிவு செய்தேன். சர்வருக்கு வரும் எல்லா வழிகளையும் அடைத்துவிட்டு, நாம் அனுமதித்த வழியை மட்டும் திறந்துவைக்கும் காவல் அது. அதைப் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நாம் நுழையும் வழியை அனுமதிக்க வேண்டும், பிறகுதான் காவலை எழுப்ப வேண்டும். இந்த வரிசையை அந்தப் புதியவருக்கு எண் போட்டு அழகாக எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அவருக்கு எழுதிய முதல் படியை என் சர்வரில் ஏற்கெனவே செய்துவிட்டதாக என் மூளை நம்பிக்கொண்டது. நேராகக் காவலை எழுப்பும் கமாண்டை அடித்தேன்.

அது ஒரு கேள்வி கேட்டது. இப்படிச் செய்தால் தொலைவிலிருந்து வரும் இணைப்பு அறுபடலாம், தொடரலாமா, ஆம் என்றால் ‘ஒய்’, இல்லை என்றால் ‘என்’. டீ போடட்டுமா என்று கேட்டதுபோல நான் ஒய்யைத் தட்டினேன்.

உள்ளே ஏற்கெனவே இருந்த என் இணைப்பு அறுபடவில்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரிந்தது. கதவைச் சாத்திய திருப்தியோடு வெளியே வந்தேன். வந்த பிறகு, வேலை எவ்வளவு அழகாக முடிந்திருக்கிறது என்று இன்னொரு முறை பார்க்கும் ஆசையில் திரும்ப நுழையப் போனேன். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை போனேன். திறக்கவில்லை. நல்ல காவல்காரனாகத்தான் போட்டிருந்தேன். அவனுக்கு என்னையும் தெரியவில்லை. அந்த உலகத்து மூலைக்காரர்களோடு நானும் இப்போது வெளியே நின்றேன்.

அதைவிட மோசமான ஒன்று மெல்ல உறைத்தது. மையத்துக் கம்ப்யூட்டர்களுக்கு இணையம் போகும் வழியையும் நான் அனுமதிக்கவில்லை. ஒன்பது விண்ணப்பங்களும் உள்ளே மாட்டிக்கொண்டன.

அப்போது குழுவில் அந்தப் புதியவரிடமிருந்து செய்தி வந்தது. “சூப்பரா வேலை செய்யுது அக்கா. நன்றி. உங்க சர்வர்ல எப்படி இருக்கு?” நான் கட்டைவிரலை உயர்த்தும் படம் ஒன்றை அனுப்பினேன். என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் சொற்களே இல்லாத பொய் அது ஒன்றுதான்.

சரி, பெரிய விஷயமில்லை என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். ருக்மணி அக்கா கவரைப் பிரித்து, சர்வரில் உட்கார்ந்து, ஒரே ஒரு கமாண்ட் அடித்தால் போதும். ஆனால் மையத்துக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. வெளியே ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். இணையம் போயிற்று என்று தெரிந்ததும் அக்கா என்னை அழைக்க அந்தப் பாறைக்கு வருவார் என்று நம்பித் திரும்பத் திரும்ப அடித்தேன். பதினொன்றரைக்கு எடுத்தார்.

“அக்கா, நான் தமிழரசி பேசறேன். ஒரு தப்பு நடந்துபோச்சு. அந்தக் கவரைப் பிரிங்க.”

ருக்மணி அக்காவின் குரல், சனிக்கிழமைகளில் என்னை “மேடம், மேடம்” என்று கூப்பிடும் அதே குரல், சொன்னது:

“யாரும்மா நீ?”

நான்தான் என்றேன். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள் என்றார். என் நம்பர் தெரிகிறதே என்றேன். போனைத் திருடியிருக்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள் என்றார். என் குரல்கூடவா தெரியவில்லை என்றேன். குரலைச் செய்ய இப்போது மிஷின் இருக்கிறதாம், மேடம் சொன்னார்கள் என்றார். வீடியோவில் வருகிறேன் என்றேன். முகத்தையும் செய்வார்களாம் என்றார். நான் சொல்லித்தந்ததில் ஒரு வரியைக்கூட அவர் மறக்கவில்லை. அந்த அளவுக்கு நான் நன்றாகப் பாடம் நடத்தியிருந்தேன் என்பதில் எனக்குப் பெருமையும் வந்தது, அழுகையும் வந்தது.

எனக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களைச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது கம்ப்யூட்டரின் மவுஸுக்கு அடியில் ரப்பர் ஒட்டியிருக்கும் என்றேன். எட்டிப் பார்த்தால் எவனுக்கும் தெரியும் என்றார். போன மாதம் நீங்கள் கொடுத்த பலாச்சுளையில் நான் எத்தனை தின்றேன் என்று கேளுங்கள் என்றேன். “அத நான் எண்ணிகினா இருந்தேன்” என்றார். கடைசியில், இது பரீட்சை இல்லை அக்கா, நிஜம், சத்தியமாக நிஜம் என்று கெஞ்சினேன்.

“போன தடவயும் அப்டித்தாம்மா சொன்ன” என்றார் அக்கா. “பிரிச்சேன். நாலு பேரு முன்னாடி நிக்க வெச்ச. இந்த தடவ ஏமாற மாட்டேன். எங்க மேடம் அவசரம்னா நேர்ல வருவாங்க.” போனை வைத்துவிட்டார்.

திரும்ப அடித்தேன். பாறையை விட்டு இறங்கிவிட்டிருந்தார். ஒரு மணி வரைக்கும் முயன்றதில் இன்னும் இரண்டு முறை எடுத்தார். இரண்டு முறையும் நான் யார் என்பதில் எனக்கே சந்தேகம் வரும்படி பேசினார்.

வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி “நான்தாங்க நான், நான்தாங்க நான்” என்று கத்தியது பக்கத்துக் காட்டுக்குக் கேட்டிருக்கிறது. அம்மா கையில் மண்ணோடு ஓடி வந்தார்.

“இன்னாடி ஆச்சி உனக்கு? எதுக்கு உம் பேர நீயே சொல்லிகினு இருக்குற?”

சொன்னேன். ஃபயர்வால், இணைப்பு எல்லாம் விட்டுவிட்டு, பூட்டைப் போட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டேன், ஒன்பது பிள்ளைகளின் காலேஜ் ஃபாரம் உள்ளே மாட்டிக்கொண்டது, ஐந்து மணிக்கு முடிந்துவிடும் என்று சொன்னேன். காலேஜ் ஃபாரம் என்றதும் அம்மா முகம் மாறியது. அந்த ஒரு வருடத்தை அவரும் என்னோடு களை வெட்டித்தான் கழித்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “உங்கப்பன் வண்டிய எடு” என்றார்.

மலைக்குப் போகும் பஸ் போய்விட்டிருந்தது. அப்பாவின் மொபெட் ஒன்றுதான் வழி. தனியாகப் போகிறேன் என்றேன். மலை வளைவில் தனியாக விட முடியாது என்று அம்மா பின்னால் ஏறிக்கொண்டார். நான் ஹெல்மெட்டுக்குள் முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக் கண் மட்டும் தெரியக் கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் வரைக்கும் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மலை ஏறத் தொடங்கியதும் அது கரும்புக் கட்டுக்கும் மனிதருக்கும் வித்தியாசம் பார்க்க ஆரம்பித்தது. கட்டு என்றால் ஏறியிருக்கும். முதல் வளைவில் இருமியது. இரண்டாவதில் நின்றது. அம்மா இறங்கி நடந்தார். நான் ஒற்றை ஆளாக முறுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அம்மா குறுக்குப் பாதையில் ஏறி அடுத்த வளைவில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் இதுதான் நடந்தது. எதிரே மரவள்ளிக் கிழங்கு லாரி இறங்கி வந்தது. ஓட்டுநர், மொபெட்டில் போகிறவளையும் அவளுக்கு முன்னால் நடந்து போகிறவரையும் பார்த்துவிட்டு, வேகம் ஜாஸ்தியாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி தாண்டியிருந்தது. மையம் பூட்டிக் கிடந்தது. பூட்டைப் பிடித்து ஆட்டினேன். பிறகு பாறைப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

பாறைமேல் ஒரு குடை. குடைக்குக் கீழே மையத்தின் லேப்டாப். கவிழ்த்துப் போட்ட அண்டா ஒன்றின்மேல், காணிக்கை வைத்ததுபோல, ருக்மணி அக்காவின் செல்போன். சுற்றிலும் பிள்ளைகள். அந்தச் செல்போனிலிருந்து இணையத்தை லேப்டாப்புக்கு இழுத்து விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிக்னல் கம்மி என்பதால் ஒவ்வொன்றும் நத்தையாய்ப் போனதாம். எட்டு முடிந்துவிட்டிருந்தது.

எப்படி என்று கேட்டேன். அக்கா நோட்டைப் புரட்டிக் காட்டினார். “வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கவும்.” நான் சொன்னதுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் எடுத்துவைத்திருக்கிறார். (நான் எடுத்துவைத்த நகல் எங்கே என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் எடுப்பதாக இருந்தேன்.) சர்வர் வேலை செய்யவில்லை, யாரோ ஒருத்தி போனில் தொல்லை தருகிறாள், சரி நம் வேலையை நாம் பார்ப்போம் என்று பாறை ஏறிவிட்டார். வளைவு வளைவாக நான் ஓடி வந்தது அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

ஒன்பதாவது பெண் நந்தினி தள்ளி நின்றாள். அவளுடைய சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்தது திங்கள்கிழமை. வெள்ளிக்கிழமை நகலில் அது இல்லை. சர்வரில் மட்டும்தான் இருந்தது. அசலோ, மழையில் நனைந்துவிடக் கூடாதே என்று லேமினேஷன் போட அவள் அப்பா காலையில் சங்கராபுரம் எடுத்துப் போயிருக்கிறார். மாலை பஸ்ஸில்தான் வருவார். அதற்குள் ஐந்து மணி ஆகிவிடும்.

“ஒரு வருஷம் போனா, அடுத்த வருஷம் போட்டுக்கலாம்தானேங்க?” என்று அவள் என்னிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். களை வெட்டும் கொத்து என் காலில் விழுந்ததுபோல இருந்தது.

எல்லோரும் மையத்துக்கு ஓடினோம். அக்கா கதவைத் திறந்தார். திறந்தவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சர்வர் அறைக்குள் யார் போனாலும் வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதுவும் என் சட்டம்தான். நோக்கம் என்ற கட்டத்தில் “செய்த தப்பைத் திருத்த” என்று எழுதினேன். அம்மாவின் பேரையும் நானே எழுதினேன். அவர் நோக்கம் என்னவென்று கேட்டதற்கு, “பொண்ணு பண்ண தப்ப பாக்க வந்தேன்னு எழுது” என்று சொல்லி விரலை மையில் தொட்டு ரேகை வைத்தார்.

“மூஞ்சக் காட்டுங்க” என்றார் அக்கா. அப்போதுதான் நான் இன்னும் ஹெல்மெட்டையும் துப்பட்டாவையும் கழற்றவில்லை என்பது தெரிந்தது. கழற்றினேன். அக்காவுக்கு என்னைத் தெரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் நின்ற கணக்கு ஒன்று பாக்கி இருந்ததல்லவா? நிதானமாக அம்மா பக்கம் திரும்பினார்.

“நீங்க யாருங்க?”

“இவளப் பெத்தவ.”

“இவங்கதான் அவங்கன்னு எப்டிங்க நம்புறது?”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சமயம் பார்த்துக் காத்திருந்தவர்போல, “வூட்ல கடைசியா எப்போ டம்ளர் கழுவுனன்னு கேளுங்க” என்றார்.

“எப்பங்க கழுவுனீங்க?” என்றார் அக்கா என்னிடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மணி நான்கு இருபத்தைந்து. “பொங்கலுக்கு…” என்று இழுத்தேன்.

“பொய்யி. இவ வேற யாரோ” என்றார் அம்மா.

“கழுவினதே இல்லைங்க” என்றேன்.

“எம் பொண்ணுதான். உள்ள வுடுங்க.”

பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் பீரோவிலிருந்து கவர் வந்தது. பாஸ்வேர்ட் எனக்கே தெரியும் என்று பெருமையாக அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். உலகத்தில் எவனாலும் உடைக்க முடியாதபடி இருபத்தாறு எழுத்தில் நான் அமைத்த பாஸ்வேர்ட் அது. அவசரத்தில் என்னாலும் உடைக்க முடியவில்லை. இரண்டு முறை தவறாக அடித்த பிறகு அக்கா கவரைப் பிரித்து என் முன் வைத்தார். பார்த்து அடித்தேன். காவலை இறக்கினேன். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் இணையம் வந்தது.

நந்தினி உட்கார்ந்தாள். சான்றிதழ் ஏறத் தொடங்கியது. ஒரு சின்ன வட்டம் திரையில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு ஐம்பதுக்கு வட்டம் நின்று விண்ணப்ப எண் வந்தது. நந்தினி அதைச் சத்தமாக ஒரு முறை படித்தாள். யாரும் கேட்காமலே இரண்டாம் முறையும் படித்தாள். மூன்றாம் முறை படிப்பதற்குள் ருக்மணி அக்கா அதைத் தன் நோட்டில் எழுதிவிட்டார்.

மூச்சு வந்த பிறகு, ஃபயர்வாலை இந்த முறை ஒழுங்காகப் போட்டுவிட்டே போவது என்று தீர்மானித்தேன். வீட்டிலிருந்து செய்வதுபோலவே பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைந்தேன். அக்கா நோட்டைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் சொல்ல, நான் நுழையும் வழிக்கு அனுமதி, பிள்ளைகளின் இணையத்துக்கு அனுமதி, கோப்புகளுக்கு அனுமதி என்று அடித்தேன். கடைசியாகக் காவலை எழுப்பும் கமாண்ட். அதே கேள்வி வந்தது. என் விரல் ஒய்மேல் போனது.

விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில் ருக்மணி அக்காவின் உள்ளங்கை வந்து படுத்தது.

“இன்னா கேக்குதுன்னு படிச்சீங்களா, மேடம்?”

படித்தேன். சத்தமாகப் படித்து, தமிழில் அர்த்தமும் சொன்னேன். கையை எடுத்தார்.

கிளம்பும்போது, எல்லோர் முன்னாலும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு நடந்த பரீட்சையில் அவர் தோற்கவில்லை, பரீட்சை வைத்தவள்தான் கோணல் என்றேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாரா என்று பார்த்தேன். எழுதவில்லை. ஒரு பை நிறையப் பலாச்சுளை கொடுத்தார். “எண்ணிட்டுத்தான் குடுக்கறேன்” என்றார்.

இறக்கத்தில் மொபெட் எங்கள் இருவரையும் தாங்கியது. அடுத்த வாரம் குழுவில் நடந்ததையெல்லாம் எழுதி, அந்தக் கட்டைவிரல் படத்துக்கும் மன்னிப்புக் கேட்டேன். சேமித்துவைத்திருந்த அந்த வாக்கியத்தை அழித்துவிட்டேன். நந்தினி இப்போது கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். அதே குழுவில் புதியவர்களுக்கு அவளும் பதில் சொல்கிறாள், என்னைவிடப் பொறுமையாக. ருக்மணி அக்கா வெள்ளிக்கிழமை நகலைத் தினசரி நகலாக்கிவிட்டார். எனக்கு அவரிடமிருந்து பாஸ்வேர்ட் இன்னும் போனில் கிடைக்காது.

வீட்டில்தான் எதுவும் முடியவில்லை. அம்மா அந்த நாளிலிருந்து தனக்கென்று ஒரு பாதுகாப்பு முறை வைத்துக்கொண்டார். இப்போது நான் வேலைக்காகச் சென்னையில் விடுதியில் இருக்கிறேன். இங்கே என் டம்ளரை நான்தான் கழுவுகிறேன், வேறு வழியில்லை. போன வாரம், ஊருக்கு பஸ் ஏறிவிட்டேன் என்று சொல்ல அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“யாரு பேசறது?”

“நான்தாம்மா.”

“கடைசியா எப்போ டம்ளர் கழுவுன?”

பெருமையாகச் சொன்னேன், இன்றைக்குக் காலையில்தான் கழுவினேன் என்று.

“ராங் நம்பரு” என்று சொல்லி வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் அப்பா சிரிப்பது கேட்டது.